ஸஃப்பில் அடுத்து நிற்பவரின் உரிமை



2023ஆம் ஆண்டு ரமளானின் பதினைந்தாம் நோன்பு அன்று, ஏப்ரல் 7, வெள்ளிக்கிழமை, புதுச்சேரி மாவட்ட நிர்வாகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கொரோனா தொற்று மீண்டும் கூடி வருவதால் பொது இடங்களில் முகக்கவசம் கட்டாயம் என்பதே அதன் சாரம். கடற்கரைச் சாலைக்கும் பூங்காக்களுக்கும் திரையரங்குகளுக்கும் செல்வோர் முகக்கவசம் அணிய வேண்டும். மருத்துவமனைகளிலும் உணவகங்களிலும் பணிபுரிவோரும் அணிய வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது.

அன்று அஸருக்குப் பின் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியுடன் பள்ளிவாசல் வாசலில் நின்றவர்களிடையே அந்த அறிவிப்பு எப்படி வரவேற்கப்பட்டது என்பதை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வந்து சொன்னார்கள். ஒருவர், "நோன்பு வந்தால் கொரோனாவும் வந்துவிடும்" என்றாராம். இன்னொருவர், "தேர்தல் வந்தால் மட்டும் அது ஓடிவிடும்" என்றாராம். மூன்றாமவர், "மறுபடியும் பள்ளிவாசலைப் பூட்டப் போகிறார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள்" என்றாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். நாள் முழுவதும் நோன்பிருந்து களைத்தவர்களின் சிரிப்பு அது. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

அன்றிரவு தராவீஹ் தொழுகைக்கு எங்கள் இளைய மகன் முகக்கவசம் அணிந்து சென்றான். ஸஃப்பில் அவனுக்கு அடுத்து நின்ற பெரியவர், "என்ன தம்பி, மௌத்துக்கு அவ்வளவு பயமா?" என்று கேட்டிருக்கிறார். அவன் பதில் ஒன்றும் சொல்லாமல் தொழுதுவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்ததும், "நான் என் மௌத்துக்காக அணியவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?" என்று எங்களிடம் கேட்டான். எங்களுக்கு உடனே விடை வரவில்லை. அந்த விடையைத் தேடித்தான் இதை எழுதுகிறோம்.

இதைப் பிறருக்கு உபதேசமாக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எச்சரிக்கையைக் கேட்டுச் சிரித்தவர்களில் நாங்களும் இருந்தோம். அதை மறைத்தவர்களிலும் இருந்தோம்.

பாரிஸிலிருந்து வந்த தொலைபேசி

புதுவையில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் எத்தனையோ உண்டு. எங்கள் மாமி மகளும் அப்படித்தான் பாரிஸின் புறநகர் ஒன்றில் நெடுங்காலமாக வாழ்கிறார். 2020 மார்ச் 17 அன்று பிரான்ஸ் நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. ரொட்டி வாங்கப் போவதற்குக்கூடக் காரணத்தை எழுதிக் கையொப்பமிட்ட 'அத்தெஸ்தாசியோன்' என்னும் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற நிலை. அவர் அழைத்து, "எங்கள் தெருவில் ஆம்புலன்ஸ் ஓசை ஓயவில்லை. நீங்கள் இப்போதே எச்சரிக்கையாக இருங்கள், போன வாரம் வரை நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்" என்றார்.

அதே நாளில்தான் நம் யூனியன் பிரதேசத்தின் முதல் தொற்று மாஹேயில் உறுதியானது. எங்களுக்கோ மாஹே அரபிக் கடலோரத்தில், எங்கோ இருக்கும் ஊர். "குளிர் நாட்டு நோய், நம் ஊர் வெயிலுக்கு நிற்காது" என்று அவருக்கே ஆறுதல் சொல்லி அழைப்பை முடித்தோம். அடுத்த ஞாயிறு மக்கள் ஊரடங்கு. அதற்கடுத்த புதன்கிழமை நாடே அடங்கிவிட்டது.

எங்கள் நலத்தைத் தவிர வேறு நோக்கம் எதுவும் இல்லாத ஒருத்தி, தன் கண்ணால் கண்டதைச் சொன்னாள். அதையே நாங்கள் கேட்கவில்லை. ஆகவே, "அரசாங்கத்தின் மீது நம்பிக்கை இல்லாததால்தான் கேட்கவில்லை" என்று நாம் சொல்லிக்கொள்ளும் காரணம் முழு உண்மையாகாது. இன்னும் வாசலுக்கு வராத துன்பத்தை நம்புவதற்கு மனித மனம் கூசுகிறது. முதல் காரணம் அதுதான்.

பழியோடு வந்த எச்சரிக்கை

இரண்டாவது காரணத்தை உங்களில் பலரும் அறிவீர்கள். 2020 மார்ச் இறுதியில், டெல்லி நிஜாமுதீன் மர்கஸ் கூட்டத்திலிருந்து திரும்பியவர்களிடம் தொற்று இருப்பது தெரியவந்தது. புதுவையிலும் அவர்களில் சிலருக்குத் தொற்று உறுதியானது. தமிழ்நாட்டில் மாலைதோறும் வாசிக்கப்பட்ட கணக்கில் 'சிங்கிள் சோர்ஸ்' என்ற சொல் இடம்பெற்றது. தொலைக்காட்சியில் நம் தொப்பியும் தாடியும் நோயின் படங்களாக மாறின. எங்கள் தெருவுக்குப் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த காய்கறி வண்டிக்காரர் தெருமுனையோடு திரும்பிப் போனார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், அவர் வீட்டிலும் தொலைக்காட்சி இருந்தது.

அந்த நாள்களில் ஒரு காலை, சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் வீடு வீடாக வந்து விசாரித்தார். "வெளியூர் போய் வந்தவர் யாராவது உண்டா? காய்ச்சல், இருமல் உண்டா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். எங்கள் சாச்சா இரண்டு வாரங்களுக்கு முன் வியாபார வேலையாகச் சென்னை போய் வந்திருந்தார்; சளியும் இருந்தது. மர்கஸுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும், "யாரும் எங்கும் போகவில்லை, யாருக்கும் ஒன்றும் இல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினோம். பட்டியலில் பெயர் வந்தால் தெருவே பேசும், ஊரே பேசும் என்ற அச்சம் எங்களுக்கு.

சாச்சாவுக்கு அப்போது வந்தது வெறும் சளிதான்; நான்கு நாளில் சரியாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்று நாங்கள் சொன்னது பொய். அந்தப் பெண் வெயிலில் நடந்து வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு நோட்டு, முகத்தில் ஒரு துணி. அவரைப் பாதுகாக்க வேறொன்றும் இல்லை. தொலைக்காட்சியில் நம்மைப் பழித்தவர் வேறு, வாசலில் வந்து நின்றவர் வேறு என்பதை அன்று நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

பிறகு நீதி மெல்ல மெல்ல வந்தது. எந்தச் சமூகத்தையும் நோயோடு சேர்த்து முத்திரை குத்தக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் அந்த ஏப்ரலிலேயே அறிவுறுத்தியது. 2020 ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கருத்துரைத்தது. ஆனால் அதற்குள் நம் காதுகள் அடைபட்டுவிட்டன. 'கொரோனா' என்று யார் சொன்னாலும் அதில் ஒரு பழிச்சொல்லே நமக்குக் கேட்டது.

அந்த ஆண்டுப் பெருநாளும் நினைவிருக்கிறது. 2020 மே 25. பள்ளிவாசல்கள் பூட்டியிருந்தன, வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து எட்டுப் பேர் பெருநாள் தொழுதோம். இரண்டு மாதங்களாக மூடப்பட்டிருந்த மதுக்கடைகள் புதுவையில் திறக்கப்பட்டதும் அதே நாள்தான். இதைச் சொல்லிக் கோபப்பட்டவர்களை நாங்கள் தவறு சொல்ல மாட்டோம். எச்சரிக்கை எல்லோருக்கும் ஒரே அளவுகோலில் வர வேண்டும். அளவுகோல் வளைந்தால், சொல்வது உண்மையாக இருந்தாலும் கேட்பவர் மனத்தில் ஒட்டாது. வழிபாட்டுத் தலங்கள் ஜூன் 8 முதல் திறக்கப்பட்டபோது, பூட்டியதன் காரணம் பலருக்கு மறந்து போயிருந்தது. பூட்டியது மட்டும் நினைவில் தங்கியது.

ஒரு நிகாஹ், ஒரு ஜனாஸா

2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தல். அதுவரை ஊரெங்கும் கூட்டம், ஊர்வலம், ஒலிபெருக்கி. தேர்தல் முடிந்த கையோடு எச்சரிக்கைகள் வரத் தொடங்கின. அந்த வரிசையைக் கண்டு எங்கள் தெருவில் சிரிக்காதவர் இல்லை. "வாக்குச் சீட்டு இருக்கும்வரை நோய் இல்லை" என்று எங்கள் சாச்சாவே சொல்லிச் சிரித்தார்.

ரமளானுக்கு முந்திய ஞாயிறு, ஏப்ரல் 11 அன்று, சாச்சாவின் மகளுக்கு நிகாஹ். அழைப்பைக் குறைக்கலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டதுண்டு. "ஒரே மகள்" என்றார் சாச்சா. அதற்குமேல் யாரும் பேசவில்லை. பரங்கிப்பேட்டையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் உறவினர்கள் வந்தார்கள். கதவடைத்துக் குளிரூட்டிய மண்டபம். ஸஹனில் நால்வர் நால்வராக உட்கார்ந்து பிரியாணி உண்டோம். கட்டித் தழுவி முஸாஃபஹா செய்தோம். அன்றுதான் நாடு முழுவதும் தடுப்பூசித் திருவிழா தொடங்கியது. நாற்பத்தைந்து வயதைக் கடந்த எவரும் போட்டுக்கொள்ளலாம். சாச்சாவுக்கு வயது 58. "கல்யாணம் முடியட்டும்" என்றார். கல்யாணம் முடிந்ததும், "நோன்பு முடியட்டும்" என்றார். ஊசி போட்டால் நோன்பு முறியாது என்று ஆலிம்கள் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். அவரும் அதை அறிவார். ஆனாலும் தள்ளிப் போட்டார், நாங்களும் வற்புறுத்தவில்லை.

ஆறாம் நோன்பன்று அவருக்குக் காய்ச்சல் வந்தது. வெயிலில் அலைந்த சூடு என்று எண்ணினோம். பத்தாம் நோன்பன்று மூச்சு வாங்கியது. ஒரு மருத்துவமனையில் படுக்கை இல்லை என்றார்கள். இன்னொன்றில் தாழ்வாரத்தில் இடம் கிடைத்தது. ஆக்ஸிஜன் கருவியின் ஓசைக்கு நடுவே தொலைபேசியில் அவர் கடைசியாகக் கேட்டது, "பிள்ளைக்கு மாப்பிள்ளை வீட்டில் எல்லாம் சௌகரியமா?" என்பதுதான். ரமளானின் கடைசிப் பத்து தொடங்கிய இரவில் அவர் இறைவனிடம் திரும்பினார்.

மையித்தை நாங்கள் குளிப்பாட்டவில்லை. முகத்தைப் பார்க்க உம்மாவுக்கு வாய்க்கவில்லை. பாதுகாப்பு உடை அணிந்த நம் தெரு இளைஞர்கள் நால்வர் கப்ரில் இறக்கினார்கள்; தள்ளி நின்று ஜனாஸா தொழுதோம். அந்தப் பிள்ளைகளுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. அந்த மாதம் அவர்கள் எத்தனை பேரை அடக்கம் செய்தார்கள், அதில் எத்தனை பேர் நம்மவர் அல்லர் என்பதை அவர்கள் இன்றுவரை கணக்குச் சொன்னதில்லை. அப்போது இலங்கையில் நம் சகோதரர்கள் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் மையித்தை எரிக்க விடமாட்டோம் என்று கண்ணீர் விட்டுப் போராடி, அடக்கம் செய்யும் உரிமையைப் பெற்று அதிகக் காலம் ஆகியிருக்கவில்லை. மண் கிடைத்ததே ஒரு நிஃமத் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம்.

மே 7 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்ற ந. ரங்கசாமி அவர்களுக்கே இரண்டு நாளில் தொற்று உறுதியானது. மே 10 முதல் ஊர் முழுமையாக அடைக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் பேர் வாழ்ந்த இந்தச் சிறிய பிரதேசத்தில், அரசுக் கணக்கின்படியே ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் இந்நோயால் இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் சாச்சா.

அந்த மண்டபத்துக்கு நோயைக் கொண்டுவந்தவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. எங்களில் ஒருவராகவும் இருக்கலாம். உடம்பில் ஒரு குறியும் தெரியாத நாள்களிலேயே இது பிறருக்குப் பரவும் என்பதை மருத்துவர்கள் அதற்குள் எத்தனையோ முறை சொல்லியிருந்தார்கள். சாச்சாவின் மகள் இன்றுவரை தன் நிகாஹ் படங்களைத் திறந்து பார்ப்பதில்லை.

ஆயுள் அல்லாஹ் எழுதியது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அந்த நம்பிக்கைதான் எங்களைத் தாங்கியது. ஆயினும் எங்கள் கவனக்குறைவுக்கு அந்த நம்பிக்கையைப் போர்வையாகப் போர்த்திக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

ஸர்க் என்னும் இடத்தில்

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு வாக்கில் ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவிய வரலாற்றை நாம் அறிவோம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாமை நோக்கிச் செல்லும்போது, எல்லையிலுள்ள ஸர்க் என்னும் இடத்தில் படைத்தலைவர்கள் எதிர்கொண்டு, அங்கே நோய் பரவியிருப்பதைச் சொன்னார்கள். உமர் (ரலி) முஹாஜிர்களைக் கலந்தார்கள், அன்ஸார்களைக் கலந்தார்கள், அவர்களிடையே கருத்து பிரிந்தது. குறைஷி முதியோரைக் கேட்டபோது, மக்களை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுமாறு அவர்கள் ஒருமுகமாகச் சொன்னார்கள். அவ்வாறே முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டதற்கு, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற பொருளில் விடையளித்தார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், இருக்கும் ஊரில் அது வந்தால் தப்பி வெளியேறவும் வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதைத் தாம் கேட்டதாகச் சொன்னார்கள். உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

இந்த நிகழ்ச்சியை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். சாச்சாவின் மரணத்துக்குப் பிறகு அதில் ஒன்று புதிதாகத் தென்பட்டது. உமர் (ரலி) செய்தி வந்ததும் சிரிக்கவில்லை, மிரண்டு ஓடவுமில்லை. விசாரித்தார்கள், கலந்தார்கள், முடிவெடுத்தார்கள். நாங்களோ செய்தியை விட்டுவிட்டு, செய்தி சொன்னவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எச்சரிப்பவருக்கும் ஒரு பாடம் நம் வரலாற்றில் உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஸஃபா குன்றின் மேல் ஏறி, இந்த மலைக்குப் பின்னால் ஒரு படை வருகிறது என்று சொன்னால் நம்புவீர்களா என்று முதலில் கேட்டார்கள். உங்களிடம் உண்மையைத் தவிர வேறெதையும் நாங்கள் கண்டதில்லை என்று மக்கள் சொன்னார்கள். அதன் பிறகே எச்சரித்தார்கள். நாற்பது ஆண்டுகள் 'அல்அமீன்' ஆக வாழ்ந்த வாழ்க்கை அந்த எச்சரிக்கைக்கு முன்னால் நின்றது. ஆட்சியில் இருப்போர் நோய் வரும் நாளில் மட்டும் நம்பிக்கையைக் கேட்டால் அது கிடைக்காது. நோய் இல்லாத நாள்களில் அதைச் சேர்த்து வைக்க வேண்டும். ஒரு சமூகத்தைப் பழித்துவிட்டு, மறுநாள் அதே சமூகத்திடம் ஒத்துழைப்பைக் கேட்பது வீண்.

ஆனால் அவர்கள் தம் கடமையில் தவறினார்கள் என்பது நம் கடமையை நீக்கிவிடாது. எச்சரிக்கை உண்மையா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. உண்மையென்றால், அதைச் சொன்னவர் நமக்கு நீதி செய்தாரா என்பது வேறொரு வழக்கு. அதை வேறிடத்தில் தொடுப்போம். அந்த வழக்குக்காக ஸஃப்பில் அடுத்து நிற்பவரின் உயிரைப் பிணையாக வைக்க நமக்கு உரிமை இல்லை.

2023 ரமளானில்

இப்போது ஏப்ரல் 7 அறிவிப்புக்குத் திரும்புவோம். மக்கள் சலித்திருந்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்திய மாதம்தான் வைரஸ் காய்ச்சல் பரவியதால் எட்டாம் வகுப்பு வரை மார்ச் 16 முதல் 26 வரை பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மேலும் அப்போதைய தொற்று 2021இல் வந்ததைப்போல் இருக்கவில்லை. பெரும்பாலோருக்குச் சளி, காய்ச்சலோடு போய்விட்டது. ஆகவே பழைய அச்சம் தேவைப்படவில்லை.

ஆனால் அறிவிப்பு கேட்டதும் பழைய அடைப்பை அல்ல. பள்ளிவாசலைப் பூட்டுவதாக அதில் ஒரு சொல்லும் இல்லை. மூக்கையும் வாயையும் ஒரு துணியால் மூடச் சொன்னார்கள், அவ்வளவுதான். "பூட்டப் போகிறார்கள்" என்பது கஞ்சி வரிசையில் பிறந்து, வாட்ஸ்அப்பில் வளர்ந்த செய்தி. ஒரு செய்தி வந்தால் அதை ஆராய்ந்து தெளியுமாறு நமக்குக் கட்டளை இருக்கிறது. அதை நாம் அயலாரின் செய்திகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நமக்குப் பிடித்த வதந்திகளுக்கு விலக்கு அளித்துவிட்டோம்.

எங்கள் வீட்டில் பேசி, சில முடிவுகளை எடுத்தோம். இருமலோ காய்ச்சலோ உள்ளவர் வீட்டிலேயே தொழுவது. மழையும் குளிரும் கடுமையான இரவில் இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்கச் செய்த மார்க்கம் இது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுபதைக் கடந்த உம்மாவைப் பார்க்க வருபவர் கூடத்தில் ஜன்னலோரம் உட்காருவது. இஃப்தாருக்கு அழைத்தால் மொட்டை மாடியில் வைப்பது. தராவீஹுக்கு முகக்கவசம். ஜமாஅத் நிர்வாகியிடமும் பேசினோம். அவர் தயங்காமல் ஹவுளுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய முகக்கவசங்களை வைத்தார். மின்விசிறிகளோடு ஜன்னல்களையும் திறந்து வைக்கச் சொன்னார். எடுத்தவர் சிலர், எடுக்காதவர் பலர். யாரையும் யாரும் கடிந்துகொள்ளவில்லை.

இருபத்து மூன்றாம் இரவு, எங்கள் மகனிடம் கேள்வி கேட்ட அந்தப் பெரியவரைப் பள்ளியில் காணவில்லை. மறுநாள் கஞ்சிக்கு அவர் பேரன் வந்தான். "அப்பாவுக்கு இருமல். மற்றவர்களுக்கு ஒட்டும் என்று வீட்டிலேயே தொழுகிறார்" என்றான். பெருநாளன்று அவர் நலமாக வந்து எங்கள் மகனைத் தழுவிக்கொண்டார். பழைய பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

மகன் கேட்ட கேள்விக்கு இப்போது எங்களிடம் விடை இருக்கிறது. "இது என் மௌத்துக்கான பயம் அல்ல, பெரியவரே, உங்கள் மீதுள்ள கடமை" என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமலே அவர் அதைச் செய்து காட்டிவிட்டார்.

மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம், கொரோனா இனி உலகளாவிய சுகாதார அவசரநிலை இல்லை என்று அறிவித்தது. அல்ஹம்துலில்லாஹ். முகக்கவசங்கள் அலமாரிக்குள் போய்விட்டன. ஆனால் எச்சரிக்கைகள் இனியும் வரும். இந்நோய்க்காக இல்லாவிட்டாலும் புயலுக்காக, வெள்ளத்துக்காக, வேறொரு காய்ச்சலுக்காக வரும். நம் வாசலுக்கு மீண்டும் ஒரு பெண் நோட்டோடு வந்து நிற்பார். அன்று உண்மையைச் சொல்லுவோம், இன்ஷா அல்லாஹ். முதலில் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுப்போம்.

யா அல்லாஹ், இந்நோயில் இறந்த எங்கள் உறவினர்களையும் அண்டை வீட்டாரையும் மன்னித்து, அவர்களின் கப்ருகளை விசாலமாக்குவாயாக. எங்கள் கவனக்குறைவால் பிறருக்கு விளைந்த தீங்கை மன்னிப்பாயாக. உண்மையை, அது யார் வாயிலிருந்து வந்தாலும், ஏற்கும் செவியை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.